வீடும் பெறுபேறும்: அளவெட்டியை முன்வைத்து ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றை எழுதியோர் மிசன் பாடசாலைகளையும் சைவப் பாடசாலைகளையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். மாணவனைத் தாங்கி நின்ற வீடோ அவ்வளவாக ஆராயப்படவில்லை. கட்டிளம் பருவத்தினர் தம் மனவெழுச்சிகளை ஆளப் பழகுவதற்கும் கல்வியில் முன்னேறுவதற்கும் உள்ள தொடர்பை அறிய வீட்டையே முதலில் நோக்குதல் வேண்டும். அதற்கு அளவெட்டி பொருத்தமான களமாகும்.

நாதஸ்வரக் கலைஞர் என். கே. பத்மநாதனும் தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தியும் (1933–1975) இவ்வூருக்குப் புகழ் தேடித் தந்தவர்கள். தெட்சணாமூர்த்திக்குத் தந்தையார் விசுவலிங்கமே முதற் குரு. இசைக் குடும்பங்களிலே பிள்ளை தாளம் தவறுவதும், மூத்தோர் திருத்துவதும், பிள்ளை மீண்டும் முயல்வதும் அன்றாட நிகழ்ச்சிகள். கண்டிப்பு அங்கும் உண்டு. ஆயினும் தவறு கற்றலின் ஒரு படியாகவே கொள்ளப்பட்டது. குடும்பத்துக்கு நேர்ந்த இழுக்காகக் கருதப்படவில்லை.

பாடசாலைக் கல்வியின் போக்கு வேறாக அமைந்தது. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி கமக்காரரின் பிள்ளைகளுக்கும் பல்கலைக்கழகக் கதவைத் திறந்தது. எனினும் 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலும், 1974 இன் மாவட்ட ஒதுக்கீடும் சில புள்ளிகளையே வாழ்வின் விதியாக்கின. அவ்வச்சம் வீட்டினுள்ளும் புகுந்தது. பெற்றோரின் ஆதரவு பல வீடுகளில் வற்புறுத்தலாகத் திரிந்தது எனலாம்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது வகுப்பறையும் நூலும் ரியூசனும் ஒருங்கே பறிபோயின. தென்மராட்சியில் தற்காலிக இடங்களிற் படித்த மாணவனுக்கு எஞ்சிய துணை பெற்றோரின் நிதானமும் ஆசிரியரின் பரிவுமே. கலங்கிய உள்ளத்திற் பாடம் பதியாது என்பதை உணர்ந்தமையாலேயே, போரின் மனவடுக்களை ஆராய்ந்த உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் முதலியோர் ஆசிரியர்களுக்கும் உளசமூகப் பயிற்சி அளித்தனர்.

உலக ஆய்வும் இதற்கு அரண் செய்கின்றது. 213 பாடசாலைத் திட்டங்களையும் 270,034 மாணவரையும் உள்ளடக்கி, ஜோசப் டர்லக் முதலியோர் 2011 இல் வெளியிட்ட ஆய்வின்படி, மனவெழுச்சித் திறன்களைப் பயின்றோரின் கல்வி அடைவு, நூறு பேர் வரிசையில் நடுவே நின்றவர் 11 இடம் முன்னேறும் அளவுக்கு உயர்ந்தது.

ஆகவே, பெற்றோர் ஆதரவு என்பது பிள்ளையைப் பரீட்சைக்குத் துரத்துவதன்று. தோற்றபின்னும் மீண்டும் முயலும் துணிவை அவனுக்கு அளிப்பதாகும். தவறிய தாளத்தைத் திருத்தித் தொடரச் செய்த அளவெட்டி இசை வீடுகளின் முறை, குறைந்த புள்ளியோடு வீடு திரும்பும் பிள்ளைக்கும் உரியதே.