நிலை அலகுக் கத்தி எஃகு

நிலை அலகுக் கத்தி எஃகு என்பது மடக்க இயலாத சிறிய வெளிப்புறக் கத்திகளின் அலகைச் செய்யப் பயன்படும் எஃகு வகைகளைக் குறிக்கும். எஃகு, உருக்கு எனவும் வழங்கப்படுகிறது. காடேறுவோர், முகாமிடுவோர், மீன் பிடிப்போர் முதலியோர் கொண்டு செல்லும் இக்கத்திகளின் அலகு பெரும்பாலும் 8 முதல் 12 செ.மீ. வரை நீளமுடையது. ஒரே கத்தி ஒரே நாளில் குச்சி சீவவும், கயிறு அறுக்கவும், மீன் துப்புரவாக்கவும் பயன்படுவதால் அதற்கான எஃகைத் தேர்ந்தெடுப்பது எளிதன்று. வீட்டுச் சமையலறையில் மழுங்கிய கத்தி ஒரு தொல்லை மட்டுமே. மருத்துவ உதவி தொலைவிலுள்ள காட்டிலோ, மழுங்கிய கத்தியை மிகுந்த விசையுடன் அழுத்த வேண்டியிருப்பதால் அது வழுக்கிக் கையைக் கிழிக்கும் இடர் உண்டு.

எதிரெதிரான பண்புகள்

கத்தி எஃகில் நான்கு பண்புகள் கருதப்படுகின்றன. அழுத்தத்தால் கூர்விளிம்பு மடங்காதிருப்பது வன்மை. அதிர்ச்சியாலும் வளைவாலும் உடையாதிருப்பது முறிவெதிர்ப்பு. தேய்வெதிர்ப்பு, துருவெதிர்ப்பு ஆகியன மற்ற இரண்டு. இவற்றுள் ஒன்றை உயர்த்தினால் பெரும்பாலும் மற்றொன்று குறையும். நான்கிலும் உச்சத்தில் நிற்கும் எஃகு இல்லை. விற்பனை விளம்பரங்கள் வன்மையையும் தேய்வெதிர்ப்பையுமே முன்னிறுத்துகின்றன. வெளிப்புறக் கத்திக்கு முறிவெதிர்ப்பும் எளிதில் தீட்ட இயலுமாறு இருப்பதும் அவற்றினும் முதன்மையானவை.

வன்மை ராக்வெல் சி அளவுகோலில் அளக்கப்படுகிறது. இவ்வகைக் கத்திகள் பொதுவாக 56 முதல் 61 வரை வன்மை உடையவை.

கரிமமும் குரோமியமும்

எஃகிற்கு வன்மை தருவது கரிமம். ஏறத்தாழ 0.6% கரிமம் இரும்பில் கரைந்திருந்தாலே எஃகு மிக உயர்ந்த வன்மையை எட்டிவிடும். அதற்கு மேற்பட்ட கரிமம் பெரும்பாலும் கார்பைடு எனப்படும் மிகக் கடினமான துகள்களாக மாறுகிறது. இத்துகள்கள் தேய்வைத் தடுக்கின்றன. ஆனால் பெரியனவாகவும் மிகுதியாகவும் இருந்தால் விரிசல்கள் அவற்றிலிருந்தே தொடங்குகின்றன.

குரோமியம் ஏறத்தாழ 10.5 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் எஃகு துருவுறா எஃகு எனப்படும். இங்கிலாந்தின் செஃபீல்டு நகரில் 1913இல் ஆரி பிரியர்லி உருவாக்கிய எஃகில் 12.8% குரோமியமும் 0.24% கரிமமும் இருந்தன. கரிமம் இவ்வளவு குறைவாக இருந்தால் வன்மையும் குறையும். கரிமத்தைக் கூட்டினாலோ, அது குரோமியத்தைக் கார்பைடாகக் கட்டிப்போடுகிறது. கரைந்து நிற்கும் குரோமியமே துருவைத் தடுக்கும். இதனாலேயே 1.5% கரிமமும் ஏறத்தாழ 12% குரோமியமும் கொண்ட டி2 எஃகு, எண்ணிக்கையில் துருவுறா எஃகு போலத் தோன்றினாலும் ஈரத்தில் கறைபட்டுத் துருப்பிடிக்கிறது. கலவை விழுக்காட்டை மட்டும் பார்த்துக் கத்தி வாங்குவோர் ஏமாறும் இடம் இது.

பயன்பாட்டிலுள்ள வகைகள்

1095 எஃகில் ஏறத்தாழ 0.95% கரிமமும் சிறிதளவு மாங்கனீசும் உண்டு, குரோமியம் இல்லை. சாதாரணச் சாணைக்கல்லிலேயே விரைவில் கூராகும். பயன்படுத்திய பின் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். தோலுறையில் நெடுநாள் வைத்தால் தோல் ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால் துருவேறும்.

கரிமம் 0.6% அளவேயுள்ள 5160, ஊர்திகளின் வில்பட்டை எஃகாகும். இது அடியைத் தாங்கும். நேபாளத்தின் குக்குரியும் தமிழ்நாட்டின் அரிவாளும் பழைய வில்பட்டைகளிலிருந்து அடிக்கப்படுவது இப்பண்பு கருதியே. எனினும் வெட்டி வீழ்த்தாத சிறு கத்திக்கு இவ்வளவு தாங்குதிறன் தேவையில்லை.

துருவுறா வகைகளில் சுவீடன் நாட்டு 12சி27 பரவலாக அறியப்பட்டது. இதில் 0.6% கரிமமும் 13.5% குரோமியமும் உள்ளன. இதை உருவாக்கிய சான்ட்விக் நிறுவனத்தின் எஃகுப் பிரிவு 2022இல் அல்லெய்மா என்னும் தனி நிறுவனமாயிற்று. 14சி28என் வகையில் 0.11% நைட்ரசன் சேர்க்கப்பட்டுள்ளதால் துருவெதிர்ப்பு கூடுகிறது. சவர அலகுக்காக உருவான ஏஇபி-எல் வகையும் இவற்றை ஒத்ததே. இம்மூன்றிலும் கார்பைடுத் துகள்கள் மிக நுண்ணியவை என்பதால் மெல்லிய கூர்விளிம்பும் எளிதில் தெறிப்பதில்லை.

உலோகத் தூளை அழுத்தி உருவாக்கப்படும் எஃகுகளில் சிபிஎம் 3வி முறிவெதிர்ப்பில் சிறந்தது, விலை மிகுதி. எசு30வி வகையில் 4% வனேடியம் உள்ளது. வனேடியம் கார்பைடு அலுமினியம் ஆக்சைடுச் சாணைக்கல்லை விடக் கடினமானது என்பதால் இதைத் தீட்ட வைரத்தூள் பதித்த தகடு ஏற்றது. காட்டில் ஆற்றங்கரைக் கல்லை மட்டும் நம்பியிருப்பவருக்கு இது பொருந்தாது.

வெப்பப் பதனம்

ஒரே எஃகு, பதனத்தைப் பொறுத்து நல்ல கத்தியாகவோ பயனற்ற தகடாகவோ ஆகும். 1095 எஃகை ஏறத்தாழ 800° செல்சியசுக்குச் சூடாக்கி எண்ணெயில் விரைந்து குளிர்விப்பர். இதனைக் கொல்லர்கள் தோய்ச்சல் என்பர். அந்நிலையில் கண்ணாடி போல் நொறுங்கும் அலகை மீண்டும் ஏறத்தாழ 200° செல்சியசில் சூடாக்கிப் பதமாக்குவர். துருவுறா எஃகிற்கு 1,050° செல்சியசை ஒட்டிய வெப்பம் தேவைப்படுவதால் கட்டுப்படுத்தப்பட்ட உலை வேண்டும். பின்னாளில் இயந்திரச் சாணையில் நீரின்றித் தீட்டும்போது விளிம்பு நீலநிறமானால், அவ்விடத்தில் வன்மை குறைந்துவிட்டது என்பது பொருள்.

தேர்வு

கடற்கரைக்கும் மழைக்காட்டுக்கும் துருவுறா எஃகே தக்கது. வறண்ட நிலத்தில் மரவேலை செய்வோர் கரிம எஃகை விரும்புகின்றனர். சுவீடனின் மோரா கத்திகளில் ஒரே வடிவம் இவ்விரு எஃகுகளிலும் கிடைக்கிறது. தீ மூட்டக் கரிம எஃகே வேண்டும் என்னும் கருத்து சிக்கிமுக்கிக் கல்லுக்கு மட்டுமே பொருந்தும். இன்றைய பெரோசீரியக் குச்சியைச் சுரண்ட, அலகின் முதுகு விளிம்பு கூராக இருந்தால் எந்த எஃகும் போதும். விளிம்பின் தடிப்பும் கோணமும் எஃகு வகையை விட வெட்டுதிறனை மிகுதியாக மாற்றுகின்றன. தடித்த அலகுடைய விலையுயர்ந்த கத்தியை விட 2.5 மி.மீ. தடிப்புள்ள எளிய கத்தி மரத்தை நன்கு சீவுவது இதனாலேயே.