ஜெயித்தும் தோற்றவர்கள்

ஒரு கற்பனை. பெரம்பலூர் கல்லூரிக்கும் அரியலூர் கல்லூரிக்கும் கூடைப்பந்து ஃபைனல். 2001-ல் பிரிந்து, 2002-ல் சேர்ந்து, 2007-ல் மறுபடியும் பிரிந்த பங்காளி மாவட்டங்கள். கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? ஆனால், ஆட்டம் சப்பென்று இருக்கிறது. பெரம்பலூர் டீம் பலே டீம். ஆட்டம் முடிய மூன்று விநாடிதான் பாக்கி. பெரம்பலூர் 71, அரியலூர் 60.

கதை முடிந்தது என்று பாதிப்பேர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அரியலூர்ப் பையன் ஒருவன், 'போனால் போகுது' என்று மைதானத்தின் நடுவிலிருந்தே பந்தை வீசி எறிகிறான். விசில் ஊதிய பிறகு பந்து வளையத்துக்குள் விழுகிறது. மூன்று பாயின்ட். 71-63. அதனால் என்ன... ஜெயித்தது பெரம்பலூர்தானே?

ஆனால், கூட்டத்தில் நாலு பேர் மட்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். நாலு பேருமே பெரம்பலூர் ஜெயிக்கும் என்று பணம் கட்டியவர்கள்! ஜெயித்த டீம் மேல் கட்டிய பணம் எப்படிப் போகும்?

அந்தச் சூட்சுமத்தில்தான் ஒரு பெரிய சரித்திரமே ஒளிந்திருக்கிறது.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்ப்ரிங்ஃபீல்ட் நகரத்து ஒய்.எம்.சி.ஏ-வில் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். பனிக்காலத்தில் வெளியே விளையாட முடியாத மாணவர்களை உள்ளேயே ஓடியாட வைக்க ஒரு வழி வேண்டும். பழக்கூடைகளைப் பால்கனியில் மாட்டினார், அவ்வளவுதான். அடிப்பாகம் மூடிய கூடை என்பதால், பந்து விழுந்தால் ஏணி போட்டுத்தான் எடுக்கவேண்டும்! அதே ஒய்.எம்.சி.ஏ. சென்னையில் 1920-ல் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. நம் ஊர்ப் பள்ளி, கல்லூரி மைதானங்களில் இந்த ஆட்டம் வேர்விட அதற்கும் பங்கு உண்டு.

அமெரிக்காவில் 1940-களில் கல்லூரிக் கூடைப்பந்து சக்கைப்போடு போட்டது. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் 18 ஆயிரம் பேர் கூடுவார்கள். கூட்டம் இருக்கும் இடத்தில் புக்கி இல்லாமலா? ஆனால், புக்கிகளுக்கு ஒரு தலைவலி இருந்தது. வலுவான டீமும் நோஞ்சான் டீமும் மோதினால் எல்லோரும் ஒரே பக்கம்தான் பணம் கட்டுவார்கள். எதிர்ப்பக்கம் ஆளே இல்லாவிட்டால் சூதாட்டம் ஏது?

இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் சிகாகோவைச் சேர்ந்த சார்லஸ் மெக்நீல் என்கிறார்கள். கணக்கு வாத்தியார்! அவருடைய மருந்தின் பெயர் 'பாயின்ட் ஸ்ப்ரெட்'. யார் ஜெயிப்பார்கள் என்று பெட் கட்டாதே, எத்தனை பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயிப்பார்கள் என்று கட்டு. நம் கற்பனை ஆட்டத்தில், பெரம்பலூர் 10 பாயின்ட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் அதன் மேல் கட்டியவருக்குப் பணம். 11 பாயின்ட் வித்தியாசத்தில் நின்ற ஆட்டம், அந்த ஒரே ஒரு எறியில் எட்டாகிவிட்டது. நாலு பேர் தலையில் கைவைத்ததற்குக் காரணம் இதுதான்.

நிஜத்திலும் இது நடந்திருக்கிறது. 2004 ஏப்ரல் 3. அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் போட்டியில் செமிஃபைனல். கனெக்டிகட் அணி 79-75 என்று ட்யூக் அணியைவிட நாலு பாயின்ட் முன்னால் நிற்கிறது. கடைசி நொடியில் ட்யூக் வீரர் கிறிஸ் டூஹான் ஓடிக்கொண்டே எங்கிருந்தோ எறிந்த பந்து உள்ளே விழுந்தது. 79-78. ட்யூக் தோற்றது தோற்றதுதான். ஆனால், கனெக்டிகட் 2 பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயிக்கவேண்டும் என்பது அன்றைய பெட். அரங்கத்தில் யாரும் பொருட்படுத்தாத அந்த ஒரு எறியில் கோடிக்கணக்கான பணம் கைமாறியது. டூஹான் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர் பாட்டுக்கு விளையாடினார்.

ஆனால், 'பாட்டுக்கு' விளையாடாதவர்களும் இருந்தார்கள்.

மெக்நீல் கணக்கில் ஒரு விஷம் ஒளிந்திருந்தது. அதற்கு முன்பு ஆட்டத்தை விலைக்கு வாங்கவேண்டும் என்றால் வீரனைத் தோற்கச் சொல்லவேண்டும். எந்தப் பையன் சம்மதிப்பான்? இப்போது அந்தக் கஷ்டமே இல்லை. "தம்பி, நீங்க தோக்கவே வேணாம். தாராளமா ஜெயிங்க. பத்துக்குப் பதிலா எட்டு பாயின்ட்ல ஜெயிங்க. யாருக்கு என்ன நஷ்டம்?" இந்தப் பேச்சில் எத்தனை பேர் விழுந்தார்கள் தெரியுமா? இதற்கு 'பாயின்ட் ஷேவிங்' என்றே பெயர். சவரம்தான்! முகம் அப்படியே இருக்கும், முடி மட்டும் போய்விடும்.

நியூயார்க் சிட்டி காலேஜ் என்று ஒரு கல்லூரி. நம் ஊர் அரசுக் கல்லூரி மாதிரி. ஃபீஸ் கிடையாது. பிழைக்க வந்த யூதக் குடும்பங்கள், கறுப்பினக் குடும்பங்கள்... இந்த வீட்டுப் பிள்ளைகள்தான் டீம். 1950-ல் இந்தப் பையன்கள் ஒரு சாதனை செய்தார்கள். அமெரிக்காவின் இரண்டு பெரிய கல்லூரிப் போட்டிகளையும் ஒரே வருடத்தில் ஜெயித்தார்கள். அதற்கு முன்பும் யாரும் செய்ததில்லை, பின்பும் செய்யவில்லை.

இரண்டாவது ஃபைனலின் கடைசி விநாடிகள் அப்படியே சினிமா. எதிரணி பிராட்லி கல்லூரி. சிட்டி காலேஜ் 69, பிராட்லி 68. பிராட்லியின் நட்சத்திரம் ஜீன் மெல்கியோர் கூடையை நோக்கிப் பாய்கிறார். விழுந்தால் கோப்பை பிராட்லிக்கு. சிட்டி காலேஜின் இர்வின் டாம்ப்ராட் குறுக்கே புகுந்து பந்தைப் பறித்து நார்மன் மேகருக்கு அனுப்ப, அவர் கூடையில் போட... 71-68. நியூயார்க்கே தெருவில் ஆடியது.

அடுத்த வருடம்தான் இடி விழுந்தது.

1951 ஜனவரியில் மன்ஹாட்டன் கல்லூரியின் ஜூனியஸ் கெல்லாக் என்ற வீரரிடம் ஆயிரம் டாலர் தருவதாகப் பேரம் பேசினார்கள். அந்தக் கல்லூரி டீமின் முதல் கறுப்பின வீரர் அவர். படித்துக்கொண்டே பகுதிநேர வேலை பார்த்தவர். பணம் அவருக்கும் தேவைதான். ஆனால், நேராகப் போய் தன் கோச்சிடம் சொல்லிவிட்டார். கோச் போலீஸிடம் சொன்னார். நூல் பிடித்துக்கொண்டே போன அரசு வழக்கறிஞர் ஃபிராங்க் ஹோகனின் ஆட்கள், பிப்ரவரி 18-ம் தேதி நியூயார்க் ரயில் நிலையத்தில் போய் நின்றார்கள். பக்கத்து ஊரில் ஒரு ஆட்டத்தை ஜெயித்துவிட்டு ரயிலில் வந்திறங்கிய சிட்டி காலேஜ் வீரர்கள் மூன்று பேர் பிடிபட்டார்கள். ஆட்டுவித்தவர் சால்வடோர் சொல்லாஸோ என்ற நகை வியாபாரி.

தோண்டத் தோண்டப் பூதம். 1947-லிருந்து 1950 வரை ஏழு கல்லூரிகள், 32 வீரர்கள், 86 ஆட்டங்கள்! 1948 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய கென்டக்கி வீரர்கள் இரண்டு பேரும் பட்டியலில் இருந்தார்கள். அந்தக் கடைசி விநாடி நினைவிருக்கிறதா? எறியப் போன மெல்கியோர், தடுத்த டாம்ப்ராட், கூடையில் போட்ட மேகர்... மூவருமே வேறு ஆட்டங்களில் பணம் வாங்கியவர்கள் என்று தெரிந்தது. அந்த ஃபைனலில் யாரும் எதையும் விற்றதாகக் குற்றச்சாட்டு இல்லை. ஆனால், அதைப் பார்த்துக் கண்ணீர் விட்ட ரசிகனுக்கு இனி யார் உத்தரவாதம் தருவது? பொய்யான ஆட்டம் போகட்டும், நிஜமான ஆட்டமும் சேர்ந்தல்லவா செத்துப்போனது!

சொல்லாஸோவுக்கு 8 முதல் 16 வருட ஜெயில் தண்டனை. மெல்கியோரைத் தொழில்முறைப் போட்டியான என்.பி.ஏ-வில் 1951-ம் ஆண்டின் முதல் ஆளாகத் தேர்வு செய்திருந்தார்கள். ஆயுள்காலத் தடை விழுந்தது. அப்படி முதலிடத்தில் தேர்வாகியும், ஒரு ஆட்டம்கூட ஆடாமலே போனார் அவர். 2019-ல் இறந்தார்.

'இதெல்லாம் அமெரிக்காக்காரன் சமாச்சாரம்' என்று ஒதுக்கிவிட முடியாது. 2013 மே 16-ல் ஐ.பி.எல். கிரிக்கெட்டில் ராஜஸ்தான் வீரர்கள் மூன்று பேரை டெல்லி போலீஸ் கைது செய்தது. குற்றச்சாட்டு என்ன? மேட்ச்சைத் தோற்பதாக அல்ல, ஒரு குறிப்பிட்ட ஓவரில் இத்தனை ரன் கொடுப்பதாக! அதே பழைய சவரம், புதிய கத்தி. 2015-ல் டெல்லி நீதிமன்றம் மூவரையும் வழக்கிலிருந்து விடுவித்தது தனிக் கதை. ஆனால், அந்த வருடம் ஜூலையில் லோதா கமிட்டி, அணி நிர்வாகத்தைச் சேர்ந்த குருநாத் மெய்யப்பன் பெட் கட்டியதற்காக சென்னை சூப்பர் கிங்ஸை இரண்டு வருடம் தடை செய்தது. ரன் அடித்தவர்களும் விக்கெட் எடுத்தவர்களும் எதுவும் செய்யவில்லை. சேப்பாக்கத்தில் விசிலடித்த ரசிகன் என்ன பாவம் செய்தான்? 2016, 2017 இரண்டு சீஸன் மஞ்சள் சட்டையை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

சட்டம் பாட்டுக்குத் துரத்திக்கொண்டே இருக்கிறது. இங்கே 1930-லேயே சூதாட்டத் தடைச் சட்டம் வந்துவிட்டது. சூதாட்டம் செல்போனுக்குள் புகுந்ததும், ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்க 2023-ல் தமிழக அரசின் சட்டம், 2025-ல் மத்திய அரசின் சட்டம். அமெரிக்கா எதிர்த்திசையில் போனது. 2018-ல் அங்கே சுப்ரீம் கோர்ட் விளையாட்டுச் சூதாட்டத்துக்கு இருந்த மத்திய அரசின் தடையை நீக்கியது. ஆறே வருடத்தில், கல்லூரி வீரர்களின் தனிப்பட்ட ஸ்கோர் மீது பெட் கட்டுவதை நிறுத்துங்கள் என்று கல்லூரி விளையாட்டு அமைப்பின் தலைவரே கேட்கவேண்டி வந்தது.

பெட் கட்டுகிறவர் கடைசி நொடியை அதிர்ஷ்டம் என்று நினைக்கிறார். ஆனால், பணம் கொடுத்து வாங்க வருகிறவனுக்கு ஆட்டத்திலேயே மலிவான சரக்கு அதுதான். ஒரு பந்தைத் தவறவிட்டால் போதும், வேண்டுமென்றே விட்டதா, கை நழுவியதா என்று எந்த நடுவராலும் சொல்ல முடியாது. விட்டவனுக்கு மட்டும்தான் தெரியும்.

கெல்லாக்குக்கும் அது தெரிந்திருந்தது. ஆயிரம் டாலரை அவர் வேண்டாம் என்ற அந்த வாரம், மன்ஹாட்டன் கல்லூரி திட்டமிட்டபடி ஆட்டத்தை ஆடியது. மூன்றே பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயித்தது. அந்த மூன்றும் அசல்.