கப்பல் ரொட்டியும் சமையலறை ஜாடியும்: நாய் உணவு பிறந்த கதை

நாய் உணவைப் பெருந்தொழிலாக்கிய முன்னோடி ஓர் இடிதாங்கி வியாபாரி. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்பிராட், 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் இடிதாங்கி விற்க லண்டன் போய்ச் சேர்ந்தார். துறைமுகத்தில் மாலுமிகள் வேண்டாமென்று வீசிய கப்பல் ரொட்டியைத் தெருநாய்கள் பாய்ந்து பாய்ந்து தின்றன. அதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை பிறந்தது என்று சொல்லிவருகிறார்கள். கப்பல் ரொட்டி என்பது மாவும் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் கல்போல் இறுகச் சுட்ட பண்டம். மாதக்கணக்கில் கெடாது. மாலுமிகள் அதை ஊறவைக்காமல் கடிக்க முடியாது. நாய்கள் அப்படியே நொறுக்கின.

அதுவரை பெரும்பாலும் நாய் தின்றது வீட்டு மனிதர் தந்ததைத்தான். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வேளாண்மை நூல் எழுதிய ரோமானியர் வரோ, பண்ணை நாய்க்கு வாற்கோதுமை ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னார். நம் ஊர்களில் அதே இடத்தில் கேழ்வரகுக் கூழும், மோர் ஊற்றிய பழைய சோறும், மீன் தலையும் இருந்தன. நாய்க்கென்று தனியாக உலை வைத்த வீடுகள் குறைவு. வீட்டு அடுப்பைச் சுற்றிச் சுற்றியே நாயின் உடலும் மாறிவந்திருக்கிறது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்செல்சன் குழுவினர் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியைத் தரும் மரபணுவுக்கு ஓநாயிடம் இரண்டு படிகள்தான் இருக்கின்றன. நாய்களிடம் நான்கு முதல் முப்பது படிகள் வரை இருக்கின்றன. நாய்க்குச் சோறு ஆகாது என்பவர்களுக்கு நாயின் உடம்பே சொல்லும் பதில் இது.

ஸ்பிராட் கப்பல் ரொட்டியோடு நிற்கவில்லை. கோதுமை மாவு, பீட்ரூட், காய்கறி, உலர்ந்த மாட்டிறைச்சிப் பகுதி ஆகியவற்றைச் சேர்த்து அழுத்திச் சுட்டு, காப்புரிமையும் பெற்றார். வேட்டைநாய் வளர்த்த ஆங்கிலேயக் கனவான்கள் அவருடைய முதல் வாடிக்கையாளர்கள். அவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து விற்பனையாளராக வளர்ந்த சார்லஸ் கிரஃப்ட் என்ற இளைஞர், நாய் வளர்ப்பவர்களை ஓரிடத்தில் கூட்டக் கற்றுக்கொண்டார். 1891இல் லண்டன் இஸ்லிங்டனில் அவர் தம் பெயரில் நடத்திய நாய்க் கண்காட்சிதான் இன்றுவரை புகழோடு நடந்துவரும் கிரஃப்ட்ஸ். தம் பிஸ்கட்டில் சேரும் இறைச்சி எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் ஸ்பிராட் கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை என்பார்கள். கம்பெனி நாய் பிஸ்கட்டோடு ஒரு கேள்வியும் கூடவே பிறந்தது: உள்ளே என்ன இருக்கிறது?

பிறகு வடிவங்கள் மாறின. 1908இல் நியூயார்க்கில் பென்னட் பிஸ்கட் கம்பெனி எலும்பு வடிவில் பிஸ்கட் சுட்டது. முதல் உலகப்போர் முடிந்து, வண்டிக்கும் ஏருக்கும் குதிரை தேவைப்படாமல் போனது. 1922இல் இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டில் சாப்பல் பிரதர்ஸ் நிறுவனம் குதிரை இறைச்சியை டின்னில் அடைத்து ‘கென்-எல் ரேஷன்’ என்று விற்றது. அதே சாப்பல் பெயரில் இங்கிலாந்தில் இயங்கிய நிறுவனத்தை 1930களின் நடுவில் ஃபாரஸ்ட் மார்ஸ் வாங்கினார். மிட்டாய்க்குப் பெயர்போன மார்ஸ் குடும்பம் நாய் உணவுக்கு வந்தது அந்த வழியாகத்தான். பின்னாளில் அதிலிருந்து வளர்ந்த பெயர் பெடிகிரி. எந்தக் கம்பெனியின் உலர்ந்த நாய் உணவாக இருந்தாலும் நம் கடைகளில் “பெடிகிரி குடுங்க” என்று கேட்கிறோமே, அந்தச் சொல்லின் வேர் அங்கே இருக்கிறது.

இது வணிகத்தின் கதை. இதற்குப் பக்கத்திலேயே அறிவின் கதையும் வளர்ந்தது. அதற்கு நாய்கள் கொடுத்த விலை பெரிது. முதல் உலகப்போர் முடிந்த சமயத்தில் லண்டனில் எட்வர்ட் மெலன்பி, நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே வைத்து ஓட்ஸ் கஞ்சி போன்ற ஒரேமாதிரி உணவைக் கொடுத்து வளர்த்தார். அவற்றின் கால்கள் வளைந்தன. மீன் எண்ணெய் கொடுத்ததும் எலும்பு தேறியது. வைட்டமின் டி என்று நாம் அறிவது அந்தத் தடத்தில் கண்டறியப்பட்டது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மக்காச்சோள மாவையே நம்பியிருந்த ஏழைகளைப் பெலக்ரா நோய் கொன்றது. அதேபோல உண்ட நாய்களுக்கு நாக்கு கறுத்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கான்ராட் எல்வேஜெம் 1937இல் நிக்கோடினிக் அமிலம் கொடுத்து நாய்களின் கறுநாக்கைக் குணப்படுத்தினார். அதே மருந்து மனிதர்களையும் காப்பாற்றியது. வயிறு நிறைந்தாலும் உடம்பு பட்டினி கிடக்கலாம் என்பதை நமக்குக் கற்றுக்கொடுத்ததில் நாய்களுக்குப் பங்குண்டு. அந்தக் கடன் நம் தலைமேல் இருக்கிறது.

இந்த இரண்டு கதைகளும் சந்தித்தது ஒரு வீட்டுச் சமையலறையில். மாரிஸ் ஃபிராங்க் பார்வையற்றவர். அமெரிக்காவில் வழிகாட்டி நாயோடு நடந்த முன்னோடி அவர். தம்முடைய நாய்கள் ஒவ்வொன்றுக்கும் ‘பட்டி’ என்றே பெயர் வைத்தார். தோழன் என்று பொருள். 1939இல் அவருடைய பட்டிக்குச் சிறுநீரகம் பழுதானது. நியூஜெர்சியில் மருத்துவமனை வைத்திருந்த கால்நடை மருத்துவர் மார்க் மாரிஸிடம் அழைத்துப் போனார். பழுதான சிறுநீரகத்தால் கழிவைப் பிரிக்க முடியவில்லை என்றால், கழிவு குறைவாக உண்டாகும் உணவைக் கொடுத்தால் என்ன? மருத்துவர் மாரிஸ் அப்படித்தான் யோசித்தார். புரதம் அளவாகவும் தரமாகவும், உப்பு குறைவாகவும் இருக்கும்படி ஒரு சேர்மானத்தை வகுத்தார். அவருடைய மனைவி லூயிஸ் அதை வீட்டு அடுப்பில் சமைத்துக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்தார். பட்டி தேறியது.

வழியில் ஜாடிகள் உடைந்துபோயின. அதனால் கையால் இயக்கும் டின் அடைக்கும் இயந்திரம் வீட்டுக்கு வந்தது. கேள்விப்பட்ட பிற மருத்துவர்களும் கேட்கவே, வீட்டில் சமைத்துக் கட்டுப்படியாகவில்லை. 1948இல் கான்சஸ் மாநிலம் டொபீகாவில் டின் தொழிற்சாலை நடத்திய பர்ட்டன் ஹில்லோடு மாரிஸ் ஒப்பந்தம் செய்தார். சிறுநீரக நோய்க்காக இன்று மருத்துவர்கள் எழுதித்தரும் கம்பெனி உணவின் மூதாதை அதுதான். வீட்டுச் சமையலா, கம்பெனி உணவா என்று நாம் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிடுகிறோம். ஆனால் ஒரு நோயாளி நாய்க்காக ஒரு பெண் கிளறிய பானையிலிருந்துதான் மருத்துவர் எழுதித்தரும் அந்தக் கம்பெனி உணவே வந்தது.

இப்போது நாம் வாங்கும் உலர்ந்த உருண்டை பிறந்ததற்கு இரண்டாம் உலகப்போரும் ஒரு காரணம். தகரம் போருக்குப் போய்விட்டதால் டின் உணவு அருகி, உலர் உணவு எழுந்தது. 1950களில் ரால்ஸ்டன் பியூரினா நிறுவனம், காலை உணவுத் தானியம் தயாரித்த இயந்திரத்தை நாய் உணவுக்குத் திருப்பியது. தானியமும் இறைச்சித் தூளும் கலந்த மாவைத் திருகு ஒன்று குழாய்க்குள் தள்ளும். உள்ளே சூடும் அழுத்தமும் ஏறும். முறுக்கு அச்சில் பிழிவதுபோல மாவு துளை வழியாக வெளியே வரும்போது, அழுத்தம் சட்டென்று விலகுவதால் பொரிபோல உப்பும். வெட்டி, உலர்த்தி, மேலே கொழுப்பைத் தெளித்தால் உருண்டை தயார். 1957இல் இப்படி வந்த ‘டாக் சோ’ விரைவிலேயே அமெரிக்காவில் விற்பனையில் முதலிடம் பிடித்தது. 1960களில் இந்தத் தொழிலின் கூட்டமைப்பு, வீட்டு மிச்சத்தை நாய்க்குப் போடாதீர்கள் என்று பத்திரிகையிலும் வானொலியிலும் பிரசாரம் செய்தது. தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த காரியத்தைக் குற்றமாக நினைக்க ஒரு தலைமுறை பழகியது அப்படித்தான்.

கம்பெனி உணவின் மீதிருந்த அந்த நம்பிக்கையில் 2007 மார்ச்சில் விரிசல் விழுந்தது. கனடாவின் மெனு ஃபுட்ஸ் நிறுவனம் ஆறு கோடிக்கும் மேற்பட்ட டின்களையும் பைகளையும் திரும்பப் பெற்றது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது. புரதத்தின் அளவைச் சோதனையில் நைட்ரஜனை வைத்துக் கணக்கிடுவார்கள். மெலமைனில் நைட்ரஜன் மிகுதி. எனவே மட்டமான மாவும் உயர்ந்த புரதமாகத் தோன்றியது. கூடவே இருந்த சயனூரிக் அமிலத்தோடு அது சேர்ந்து நாய், பூனைகளின் சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்தது. பல உயிர்கள் போயின. ஒரு காலத்தில் நாயின் சிறுநீரகத்தைக் காக்க உதவிய டின் உணவே, எத்தனையோ சிறுநீரகங்களை அழித்தது. பெயர் பெற்ற பல கம்பெனிகளின் உணவு ஒரே ஆலையில் தயாராகிறது என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஸ்பிராட் காலத்துக் கேள்வி திரும்ப வந்து நின்றது: உள்ளே என்ன?

பயந்தவர்கள் அடுப்புக்குத் திரும்பினார்கள். அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அடுப்புக்கும் ஒரு சோதனை வைத்தார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகக் கால்நடை மருத்துவர்கள், நூல்களிலும் இணையத்திலும் இருந்த 200 நாய்ச் சமையல் குறிப்புகளைக் கணக்கிட்டு 2013இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 95 விழுக்காட்டில் அவசியமான சத்து ஒன்றாவது குறைந்திருந்தது. துத்தநாகம், செம்பு, வைட்டமின் டி, வைட்டமின் இ என்று கண்ணுக்குத் தெரியாதவையே குறைந்தன.

நம் வீடுகளில் அன்போடு செய்யும் கோழியும் சோறும் இதற்கு நல்ல உதாரணம். எலும்பு நீக்கிய கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் சொற்பம். மாதக்கணக்கில் அதையே கொடுத்தால் உடம்பு தன் எலும்பைக் கரைத்து அந்தக் குறையைச் சரிக்கட்டும். வளரும் குட்டிக்குக் கால் வளையும், தாடை எலும்பு தளரும். சரி என்று அளவில்லாமல் கால்சியம் போட்டால் பெரிய இனக் குட்டிகளுக்கு அதுவும் கேடு. குழம்பில் ஊறிய கறித்துண்டில் வெங்காயமும் பூண்டும் இருக்கும். அவை நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடும். வெந்த கோழி எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். இவை எதுவும் நாய்க்குத் தெரியாது. நாம் தருகிறோம் என்பதற்காகவே அது வாலை ஆட்டித் தின்னும்.

அதனால் பையா, பானையா என்று யாராவது கேட்டால் நான் கட்சி கட்டுவதில்லை. பையை வாங்குகிறவர் அதன் பின்புறத்தைப் படிக்க வேண்டும். முழுமையான, சமச்சீரான உணவு என்று போட்டிருக்கிறதா, அல்லது துணை உணவா? குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா? தயாரித்தது யார்? சமைக்கிறவர் கறி, சோறு, காயோடு நிறுத்தாமல், கால்சியத்தையும் நுண்சத்துகளையும் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் சேர்க்க வேண்டும். பாதிப் பை, பாதிப் பானை என்றாலும் கணக்கு ஒன்றுதான்.

ஒரு வாரம் உங்கள் நாய் தின்னும் ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள்: எத்தனை பிடி சோறு, எவ்வளவு கறி, எந்தப் பை, குழந்தைகள் போடும் பிஸ்கட் எத்தனை. அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள். ஸ்பிராட் கடைசிவரை முழுதாகச் சொல்லாதது இப்படியொரு பட்டியலைத்தான் என்பார்கள். லூயிஸ் அடுப்பை மூட்டுமுன் மாரிஸ் வகுத்ததும் இப்படியொரு பட்டியலைத்தான்.