சேலம், நாமக்கல் வட்டாரத்தில் போதைப்பழக்கம்

மதராஸ் மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்த இடம் சேலம் மாவட்டம். ராஜாஜி அமைச்சரவை 1937 அக்டோபர் 1 அன்று அதைத் தொடங்கியது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அப்போது சேலத்தில் அடங்கியிருந்தன. கள்ளுக்கடை, சாராயக்கடைகள் மூடப்பட்டதால் குறைந்த வருவாயை ஈடுகட்டவே 1939இல் விற்பனை வரி வந்தது. ஆனால் குடிக்கு அடிமையானவருக்கு மருத்துவம் பார்ப்பது பற்றிய சிந்தனை வெகுகாலம் கழித்தே வலுப்பெற்றது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அதற்கென அறக்கட்டளை தொடங்கியது 1980இல்.

மருத்துவ உதவியில் உள்ள இந்த இடைவெளிதான் இன்றும் பெருங்குறை. எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, நாட்டில் மது அருந்துவோர் சுமார் 16 கோடி. கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் 3 கோடிக்கும் மேல். மதுவுக்கு அடிமையானவர்களில் ஏதேனும் உதவி பெற்றவர் 38 பேரில் ஒருவர்தான்.

சேலம் மாவட்டத்துச் சங்ககிரி லாரித் தொழிலால் வாழும் ஊர். பக்கத்துத் திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் மாதக்கணக்கில் வெளிமாநிலங்களில் நிற்கும். தூக்கமில்லாத ஓட்டம், வீட்டைப் பிரிந்த தனிமை, உடல்வலி ஆகியவை போதையைத் தேடவைக்கும் காரணங்கள். மது எதிர்வினையைத் தாமதப்படுத்தும். கஞ்சா தூரத்தையும் வேகத்தையும் கணிக்கும் திறனைக் குலைக்கும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம்.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் 2017 ஏப்ரல் 1 முதல் ஆயிரக்கணக்கான டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. மாற்றுக் கடைகள் குடியிருப்புகளை நோக்கி நகர, திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் பெண்கள் மறியலில் இறங்கினர். அந்தத் தடையும் பின்னர் நகராட்சி எல்லைகளுக்குள் தளர்த்தப்பட்டது.

கள்ளச்சாராயத்தின் கொடூரத்தை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம் காட்டியது. மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் பலியாயினர். பாதிக்கப்பட்டவர்களில் பலர் சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். கல்லீரலில் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறி, பார்வை நரம்பை முதலில் தாக்கும். பல மணி நேரம் கழித்தே கண் மங்குவதால், குடித்தவர் சாதாரண போதை என்றே எண்ணிவிடுகிறார். அந்தத் தாமதமே உயிரைப் பறிக்கிறது.

நீண்டகாலம் குடித்தவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. கைநடுக்கம், வியர்வை தொடங்கி, இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். வீட்டில் பூட்டிவைத்து மறக்கடிக்கப் பார்ப்பது, இந்தக் காரணத்தாலேயே கூடாத வேலை. முதல் ஒரு வாரம் மருத்துவமனையில் கண்காணிப்பு, அதன்பின் மாதக்கணக்கில் ஆலோசனை என்பதே முறை. ஒன்றிய அரசின் 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் எந்த மாநிலத்திலிருந்தும் போதை மீட்பு ஆலோசனை கேட்கலாம். லோடு இறக்கக் காத்திருக்கும் ஓட்டுநரும் அதை அழைக்கலாம்.