வரப்பு மூலிகையும் வேலூர் ஆபரேஷனும்

கொங்குப் பக்கம் பொங்கலுக்குக் காப்புக் கட்டுற சிறுபீளை நம்ம திருவண்ணாமலை வரப்புலயும் நிறைய இருக்கு. அதோட நெருஞ்சில், மூக்கிரட்டை. கல்லடைப்புக்கும் நீர்க்கட்டுக்கும் சித்த வைத்தியமும் ஆயுர்வேதமும் சொல்லிவந்த மூலிகைகள் இவை.

இந்த வைத்தியங்களைப் பத்தி ஆராய 1921-ல் சென்னை மாகாண அரசு முகமது உஸ்மான் தலைமையில குழு போட்டது. அதுக்கப்புறம்தான் சென்னையில சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூணுக்கும் அரசுப் பள்ளி வந்தது.

ஆனா சிறுநீரகமே செயலிழந்துட்டா அன்னைக்கு எந்த வைத்தியத்துலயும் வழி இல்லை. பக்கத்து வேலூர் சி.எம்.சி.யில 1971-ல் நடந்த மாற்று அறுவைதான் இந்தியாவுல முதல்ல வெற்றி கண்டது. 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்துல, வயிற்று வழி டயாலிசிஸ் பைகள் வீட்டுக்கே வருது.

இப்ப நிறைய பேர் டயாலிசிஸும் பண்ணி, கஷாயமும் குடிக்கிறாங்க. இங்கதான் கவனம் வேணும். மூக்கிரட்டையில பொட்டாசியம் சத்து அதிகம். நல்ல சிறுநீரகம் அதை வெளியேத்திடும். கெட்டுப்போனது தேக்கி வெச்சா இதயத் துடிப்பே நின்னுடலாம்.

ஆடுதீண்டாப்பாளை இன்னும் மோசம். 1990-களின் தொடக்கத்துல பெல்ஜியத்துல அந்த இனத்துச் செடி கலந்த இளைப்பு மருந்தைச் சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகமே போச்சு. ஆடே தொடாத செடின்னு பேர் வெச்ச முன்னோர் சும்மா வைக்கல.

அதனால கஷாயம் குடிக்கிறவங்க படிச்ச சித்த, ஆயுர்வேத டாக்டர்கிட்டயே வாங்குங்க. கிரியேட்டினின், பொட்டாசியம் ரிப்போர்ட்டை அவர்கிட்ட காட்டுங்க. குடிக்கிறதை டயாலிசிஸ் டாக்டர்கிட்டயும் மறைக்காம சொல்லுங்க. கஷாயத்தை நம்பி டயாலிசிஸை மட்டும் நிறுத்திடாதீங்க.