எண்ணெயும் பந்தும்: டென்பின் பவுலிங் வரலாற்றில் ஒரு பக்கம்

டென்பின் பவுலிங் தடத்தில் எண்ணெய் பூசப்பட்டது முதலில் ஆட்டத்துக்காக அன்று, மரத்துக்காக. தொடக்கக் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி நீண்ட அமெரிக்கத் தடங்கள் அன்று மேப்பிள், பைன் பலகைகளால் ஆனவையாக இருந்தன. 7 கிலோ வரை எடையுள்ள பந்துகள் ஓயாது உரசியதில் அவற்றின் மேற்பூச்சு தேய்ந்தது.

காப்புக்கென வந்த எண்ணெயே பின்னர் ஆட்டக்காரரின் கணக்கை ஆளத் தொடங்கியது. எண்ணெயில் பந்து வழுக்கும். உலர்ந்த இடத்தில் பிடிப்புக் கொண்டு வளையும். கிரிக்கெட் ஆடுகளத்தின் வெடிப்பையாவது குனிந்து பார்க்கலாம். இங்கே பந்தின் போக்கைக் கொண்டுதான் தடத்தை அறிய வேண்டும். ஒவ்வொரு வீச்சும் எண்ணெயைச் சிறிது அள்ளிச் செல்வதால், அறிந்ததும் நிலைப்பதில்லை.

1973இல் டான் மெக்யூன் இதற்கு வேதியியலில் விடை கண்டார். பிளாஸ்டிக் பந்தை மெதில் எத்தில் கீட்டோனில் ஊறவைத்து மேற்பரப்பை மென்மையாக்கினார், பிடிப்புக் கூடியது. அவ்வாண்டில் மட்டும் ஆறு தொழில்முறைப் பட்டங்களை வென்றார். பந்தின் கடினத்தன்மைக்குக் கீழ்வரம்பு விதிக்கப்பட்டது அதன் பிறகே. எனவே அதை ஏமாற்று என்பது பிந்திய விதியால் முந்திய ஆட்டத்தை அளப்பதாகும். 1980களின் யூரித்தேன் பந்தும் 1990களின் ரியாக்டிவ் ரெசின் பந்தும் அத்தகைய பிடிப்பைத் தொழிற்சாலையிலேயே தந்தன என்பதையும் நினைக்க வேண்டும்.

பொதுக் கூடங்களில் நடுவே மிகுதியாகவும் ஓரங்களில் குறைவாகவும் எண்ணெய் பூசுவதால், சற்றுப் பிழைத்த வீச்சும் பின்களை நோக்கித் திரும்பிவிடுகிறது. தொழில்முறைப் போட்டிகளில் இச்சலுகை குறைவு. சீட்டா என்னும் குறுகிய பூச்சில் ஆட்டக்காரர் தடத்தின் ஓரத்தை நாடுகிறார். ஷார்க் என்னும் நீண்ட பூச்சில் உட்புறம் நகர்கிறார்.