மைக்கேல் தாமஸ் பாஸின் பொதுவாழ்வு: ‘தொழில்’ என்னும் சொல்லின் எல்லை

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் நாடாளுமன்றம் புகுந்த பீர் ஆலை அதிபர்களுள் மைக்கேல் தாமஸ் பாஸ் (1799-1884) குறிப்பிடத்தக்கவர். இவருடைய பாட்டனார் 1777இல் பர்ட்டன் நகரில் தொடங்கிய ஆலை, இந்தியாவுக்கு ஏற்றுமதியான வெளிர்நிற பீரால் புகழ்பெற்றது. அதன் சிவப்பு முக்கோணமே 1876இல் பிரித்தானிய வணிகக்குறிப் பதிவேட்டில் முதலாவதாக இடம்பெற்றது.

1848 முதல் 1883 வரை டார்பி தொகுதியின் லிபரல் உறுப்பினராக விளங்கிய பாஸின் பணிகளுள் இரண்டு ஒப்பிட்டு நோக்கத்தக்கவை.

ஒன்று, லண்டன் தெரு இசைஞர் பற்றி இவர் முயற்சியால் 1864இல் நிறைவேறிய சட்டம். வீட்டிலுள்ளார் நோயுற்றிருப்பினும், அவர்தம் வழக்கமான தொழிலுக்கு இடையூறு நேரினும், இசைஞரை அகலச் சொல்லும் உரிமையை அது வீட்டுக்காரர்க்கு அளித்தது. மறுத்தவர் தண்டத்துக்கு உள்ளாயினர். சார்லஸ் டிக்கன்ஸ் உள்ளிட்ட எழுத்தாளர்கள் பாஸை ஆதரித்தனர். இச்சட்டத்தின் சொல்லாட்சியில் வீட்டினுள் எழுதுவது ‘தொழில்’. வெளியே இசைப்பெட்டியைச் சுழற்றிய ஏழை இத்தாலியரின் பிழைப்போ ‘இடையூறு’.

மற்றொன்று, இரயில்வே ஊழியர்க்கு இவர் அளித்த துணை. நெடுநேர வேலையால் நலிந்த அவர்கள் 1871இல் சங்கம் அமைத்தபோது, பாஸ் பெரிதும் உதவினார். அச்சங்கம் 1913இல் தேசிய இரயில்வே தொழிலாளர் சங்கத்தில் இணைந்தது.

இவ்விரண்டையும் இரக்கமின்மை, இரக்கம் எனப் பிரிப்பது பொருந்தாது. பாஸின் பரிவு, அவர் உழைப்பென ஏற்றவற்றின் எல்லைக்குள் நின்றது. சட்டவாசகங்களை மொழிபெயர்ப்போர், ‘தொழில்’ போன்ற எளிய சொல் யாரை உள்ளடக்குகிறது, யாரை விலக்குகிறது என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும்.